அந்தியில் மணக்கும் புகையிலை

பூவுக்காகவும் மணத்துக்காகவும் தோட்டங்களில் வளர்க்கப்படும் புகையிலை இனங்களில் தலையாயது நிக்கோட்டியானா சில்வெஸ்ட்ரிஸ். அர்ஜென்டினாவின் வடமேற்குப் பகுதியிலும் பொலிவியாவிலும் உள்ள ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளே இதன் தாயகம். விதைத்த ஆண்டிலேயே ஐந்தடி உயரத்தைத் தொட்டுவிடும். மண் வளமாகவும் ஈரமாகவும் இருந்தால் ஆறடியும் வளரும். அடியில் முழங்கை நீளத்துக்குப் பச்சை இலைகள் வட்டமாகப் படர்ந்திருக்கும். அவற்றின் நடுவிலிருந்து தடித்த ஒற்றைத் தண்டு எழுந்து, உச்சியில் கிளைத்து, வெள்ளைப் பூக்களைக் கொத்தாகத் தொங்கவிடும். ஒவ்வொரு பூவும் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒல்லியான குழல். குழலின் வாயில் மட்டும் ஐந்து மடல்கள் விரிந்திருக்கும். உச்சி வெயிலில் பார்த்தால் பூக்கள் துவண்டு, மணமில்லாமல் இருக்கும். பொழுது சாய்ந்ததும் மடல்கள் விறைத்து நிமிரும். மல்லிகையை நினைவூட்டும் மணம் எழுந்து இரவு நெடுநேரம் நிற்கும்.

இன்று நாற்றுப் பண்ணைகளில் அலங்காரப் புகையிலை என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்தச் செடி அல்ல. அவை ஓரடி, ஒன்றரை அடி உயரத்தோடு நின்றுவிடும் குட்டை ரகங்கள். பகலிலும் பூ விரிந்திருக்கும். சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை, எலுமிச்சைப் பச்சை என்று நிறங்களுக்குக் குறைவில்லை. மணம்தான் இல்லை, இருந்தாலும் மூக்கை அருகில் கொண்டுபோனால்தான் தெரியும். செடியின் மிகச் சிறந்த குணத்தைக் கொடுத்துப் பெற்ற வசதி இது. மணத்தை விரும்புகிறவர் உயரமான பழைய இனங்களைத்தான் தேடிப்போக வேண்டும். அதற்கான காரணம் பூவின் அமைப்பிலும் அதன் வரலாற்றிலும் இருக்கிறது.

நிக்கோட்டியானா என்பது கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினம். இதில் 75-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பகுதி அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. ஆஸ்திரேலியாவிலும் தென் பசிபிக் தீவுகளிலும் சில உண்டு. ஆப்பிரிக்காவில் நமீபியாவின் மலைகளில் ஒரே ஒரு இனம் வளர்கிறது. பேரினத்தின் பெயர், 1560 வாக்கில் லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராக இருந்து புகையிலையைப் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பிய ழான் நிக்கோவின் பெயரிலிருந்து வந்தது. மனிதர்கள் புகைத்தும் மென்றும் பயன்படுத்திய இனங்கள் பதினாறாம் நூற்றாண்டிலேயே கடல் தாண்டிவிட்டன. மணம் உள்ளவை வெகு தாமதமாகவே அறிவியலின் கண்ணில் பட்டன. நிக்கோட்டியானா அலாட்டாவுக்குப் பெர்லின் தாவரவியலாளர்கள் லிங்க், ஓட்டோ இருவரும் 1828-ல் பெயரிட்டார்கள். சில்வெஸ்ட்ரிஸுக்கு 1898 வரை பெயர் இல்லை. அர்ஜென்டினாவில் பணியாற்றிய கார்லோஸ் ஸ்பெகஸினியும் இத்தாலியரான ஒராஸியோ கோமெஸும் சேர்ந்து அதை விவரித்தார்கள். பேரினம் முழுவதையும் ஒழுங்குபடுத்திய பெரும் பணி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் குட்ஸ்பீடுடையது. ஆண்டிஸ் மலைகளில் பலமுறை அலைந்து திரட்டிய செடிகளை வைத்து அவர் எழுதிய நூல் 1954-ல் வெளிவந்தது.

சில்வெஸ்ட்ரிஸுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. உலகெங்கும் பயிராகும் புகையிலை, அதாவது நிக்கோட்டியானா டபாக்கம், காட்டில் தனியாகத் தோன்றிய இனம் அல்ல. இரண்டு காட்டினங்கள் கலந்து பிறந்த கலப்பினம் அது. தாய் சில்வெஸ்ட்ரிஸ், தந்தை நிக்கோட்டியானா டொமென்டோசிஃபார்மிஸ். பெற்றோர் ஒவ்வொன்றுக்கும் 24 குரோமோசோம்கள். இரண்டின் முழுத் தொகுதியும் ஒன்றுசேர்ந்ததால் பயிர்ப் புகையிலைக்கு 48. இந்தக் கலப்பு கடந்த 2,00,000 ஆண்டுகளுக்குள் நடந்தது என்று மரபணுத் தொடர்களை ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. வேதாரண்யத்திலும் திண்டுக்கல் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் தோட்டந்தோட்டமாக நிற்கும் புகையிலையின் மரபணுவில் பாதி இந்த ஆண்டிஸ் வெள்ளைப் பூச்செடியிடமிருந்து வந்ததுதான்.

ஆனால் பயிர் செய்பவரின் கண்ணும் பூ வளர்ப்பவரின் கண்ணும் செடியின் வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. புகையிலை விவசாயிக்குப் பூ ஒரு தொல்லை. மொட்டு தலைகாட்டியதும் நுனியைக் கிள்ளி எறிவார். அதன்பின் பக்கக் கொழுந்துகளையும் விடாமல் ஒடிப்பார். செடியின் சத்து முழுவதும் இலைக்குப் போய், இலை கனக்க வேண்டும் என்பதே நோக்கம். தோட்டக்காரர் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். நுனியைத் தொடவே கூடாது. பக்கக் கிளைகள் எத்தனை வருகின்றனவோ அத்தனை நாள் பூ நீளும்.

மணம் எதற்காக என்பதைப் புரிந்துகொண்டால் இந்தச் செடியை எங்கே, எப்படி நட வேண்டும் என்பது தானாகத் தெளிவாகும். வெள்ளை நிறம், நீண்ட குழல், அந்தியில் எழும் மணம், குழலின் அடியில் தேங்கும் தேன் ஆகிய நான்கும் பருந்து அந்துப்பூச்சிகளை அழைப்பதற்காக அமைந்தவை. இந்தப் பூச்சிகள் பூவில் உட்காருவதில்லை. சிறகடித்தபடி அந்தரத்தில் நின்று, சுருட்டி வைத்த உறிஞ்சுகுழலை நீட்டித் தேனை எடுக்கும். அந்தச் சில நொடிகளில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். இருட்டில் சிவப்பு நிறம் தெரியாது, வெள்ளை தெரியும். தொலைவிலிருந்து வழிகாட்ட மணம் வேண்டும். பகலில் மணத்தைச் செலவிட்டுப் பயனில்லை என்பதால் செடி அதை இரவுக்கு ஒதுக்கி வைக்கிறது. சில்வெஸ்ட்ரிஸ் பூவின் மணத்தில் பென்சைல் ஆல்கஹால் முக்கியமான பொருள்களில் ஒன்று. அதன் வெளியீடு இரவில் உயர்ந்து பகலில் தாழ்வதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். செடியின் உள்ளே ஓடும் நாள்கணக்கே இந்த ஏற்ற இறக்கத்தை நடத்துகிறது.

ஐரோப்பாவில் இந்த விருந்துக்கு வருவது அக்ரியஸ் கன்வோல்வுலி என்ற பருந்து அந்துப்பூச்சி. சாம்பல் நிறச் சிறகு, வயிற்றின் இரு பக்கமும் இளஞ்சிவப்பும் கறுப்புமான பட்டைகள், நீட்டினால் உடலைவிட நீளமாக இருக்கும் உறிஞ்சுகுழல் ஆகியவை இதன் அடையாளங்கள். கோடையின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே பறந்து பிரிட்டன்வரை வரும். அதைப் பார்ப்பதற்காகவே அங்கே பலர் உயரமான புகையிலையை வளர்க்கிறார்கள். இதே பூச்சி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. சர்க்கரைவள்ளிக் கொடியின் இலையைத் தின்று வளரும் பருமனான புழு இதனுடையதுதான்.

மணத்தின் வேலையைக் களத்தில் நிரூபித்த ஆராய்ச்சி வேறொரு காட்டினத்தில் நடந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலையில் நிக்கோட்டியானா அட்டெனுவேட்டா என்ற புகையிலை வளர்கிறது. ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்தைச் சேர்ந்த இயன் பால்ட்வினும் டேனி கெஸ்லரும் அவர்களுடைய குழுவினரும் அந்தச் செடியில் இரண்டு பொருள்களை மாற்றிப் பார்த்தார்கள். ஒன்று பூவின் மணப்பொருளான பென்சைல் அசிட்டோன். மற்றொன்று தேனில் கலந்திருக்கும் நிகோட்டின். மணத்தை உருவாக்கும் மரபணுவை அடக்கிய செடிகளுக்கு வந்த பூச்சிகளும் பறவைகளும் குறைந்தன. நிகோட்டினை அடக்கிய செடிகளிலோ வந்தவை நீண்ட நேரம் நின்று தேனை வழித்து எடுத்தன. மணம் வருகையாளரை அழைக்கிறது. கசப்பு, ஒரே பூவில் வயிறு நிறையக் குடிக்கவிடாமல் அடுத்த செடிக்கு அனுப்புகிறது. இரண்டும் இருந்தால்தான் மகரந்தம் செடிவிட்டுச் செடி போகிறது. 2008-ல் வெளியான இந்த முடிவு, பூமணம் பற்றிப் பலரும் ஊகித்து வந்ததை அளவுகளோடு நிலைநாட்டியது.

அதே குழு 2010-ல் வெளியிட்டது இன்னும் வியப்பானது. அமெரிக்காவில் புகையிலைக்கு மகரந்தம் கொண்டுவரும் மண்டூகா அந்துப்பூச்சிதான் அதன் கொடிய பகையும்கூட. அது தேன் குடித்துவிட்டு அங்கேயே முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் கொம்புப்புழு விரல் பருமனுக்கு வளர்ந்து செடியையே மொட்டையடிக்கும். புழு கடிக்கத் தொடங்கியதும் அட்டெனுவேட்டா செடி தன் பூக்களில் பலவற்றை அந்திக்குப் பதில் விடிந்தபின் விரியவைக்கிறது. அந்தக் காலைப் பூக்களில் மணம் குறைவு. தேனில் சர்க்கரையும் குறைவு. அவற்றை நாடி வருவது அந்துப்பூச்சி அல்ல, தேன்சிட்டைவிடச் சிறிய அமெரிக்கப் பறவையான ஹம்மிங்பேர்ட். பறவை முட்டையிட்டுப் புழுவை விட்டுவிட்டுப் போகாது. பூ விரியும் நேரத்தை மாற்றிச் செடி தன் கூட்டாளியையே மாற்றிக்கொள்கிறது.

அந்துப்பூச்சிப் பூ, பறவைப் பூ என்ற இந்த வேறுபாடே தோட்ட ரகங்களின் மணம் போன கதைக்கும் திறவுகோல். தெற்குப் பிரேசில், பராகுவே, உருகுவே, வடகிழக்கு அர்ஜென்டினா ஆகிய இடங்களுக்கு உரிய அலாட்டா, சில்வெஸ்ட்ரிஸைப் போலவே அந்தியில் விரிந்து மணக்கும் நீள்குழல் பூ. மூன்று நான்கு அடி வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அஃபினிஸ் என்ற பெயரில் பிரிட்டிஷ் தோட்டங்களில் பரவலாக நடப்பட்டது. வீட்டுச் சன்னலின் கீழே இதை நட்டு, இரவில் சன்னலைத் திறந்து வைப்பது வழக்கமாயிற்று. இதன் பகல் தோற்றம்தான் குறை: வெயில் ஏறியதும் மடல்கள் உட்புறமாகச் சுருண்டு, வாடிய பூவைப் போல் தொங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் ஆர்க்கிட் வணிகத்தால் புகழ்பெற்றிருந்த ஃபிரடெரிக் சாண்டரின் நிறுவனத்துக்குப் பிரேசிலிலிருந்து ஒரு சிவப்புப் பூப் புகையிலை வந்தது. அதைக் கண்டெடுத்து அனுப்பியவர் அந்த நிறுவனத்துக்காகச் செடி தேடிய லூயி ஃபோர்கெட். செடிக்கும் நிக்கோட்டியானா ஃபோர்கெட்டியானா என்றே பெயர் அமைந்தது. குட்டையான குழல், சிவப்பு நிறம், பகலில் விரியும் இயல்பு, மணமின்மை என்று ஹம்மிங்பேர்டுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தன. சாண்டர் நிறுவனம் இதை அலாட்டாவோடு கலந்தது. பிறந்த கலப்பினம் சாண்டரே என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது. பிற்காலத்தில் நிக்கி, டாமினோ முதலிய குட்டை வரிசைகளெல்லாம் இந்தக் கலப்பின் வழி வந்தவை. பாத்தி ஓரத்தில் நடத் தோதான உயரம், பகலில் வாங்க வருபவர் கண்ணில் படும் நிறம் என்பவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். கடை திறந்திருக்கும் நேரத்தில் மணக்காத பூவின் மணத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. விளைவு, பறவைப் பூவின் குணங்கள் நிலைத்தன. அந்துப்பூச்சிப் பூவின் குணங்கள் கழிந்தன. அண்மைக் காலத்தில் பெர்ஃப்யூம் என்ற பெயரில் மணத்தை மீட்க முயன்ற ஒரு வரிசை வந்திருக்கிறது. முயற்சி பாராட்டத்தக்கது, ஆனாலும் ஆறடிச் செடி ஒன்று முற்றத்தை நிறைப்பதற்கு அது ஈடாகாது.

மற்ற சில இனங்களையும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். தெற்குப் பிரேசிலைச் சேர்ந்த முட்டாபிலிஸ் 2002-ல்தான் முறையாக விவரிக்கப்பட்டது. வெள்ளையாக விரிந்து நாளடைவில் இளஞ்சிவப்பாக மாறும் சிறு பூக்கள் ஒரே செடியில் பல நிறமாக ஆடுவது அழகு. மணத்துக்காக அதை நட முடியாது. பச்சை மணிகளைத் தொங்கவிடும் லாங்ஸ்டோர்ஃபியும் அப்படியே. ஆஸ்திரேலியாவின் சுவேவியோலென்ஸ் நன்றாக மணக்கும், ஆனால் உயரம் குறைவு. உயரம், மணம் இரண்டும் வேண்டுமென்றால் சில்வெஸ்ட்ரிஸ் முதலில், அலாட்டாவின் கலக்காத வெள்ளை ரகம் அடுத்து.

வளர்ப்பு விதையிலிருந்துதான். விதை மிக மிக நுண்ணியது. ஒரு கிராமில் 10,000-க்கும் மேல் இருக்கும். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் பழுப்பு நிறத் தூளாகத் தெரியும்; மூச்சுப் பட்டாலே பறந்துவிடும். முளைக்க வெளிச்சம் உதவுகிறது என்பதால் விதையை மண்ணால் மூடக் கூடாது. சலித்த மக்கிய உரமும் தென்னை நார்க்கழிவும் கலந்த கலவையைத் தட்டில் நிரப்பி, மேற்பரப்பைச் சமமாக்கி, முதலில் நன்றாக நனைத்துவிட வேண்டும். உலர்ந்த மெல்லிய மணலோடு விதையைக் கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. தூவியபின் பலகையால் மெல்ல அழுத்தினால் போதும். மேலிருந்து நீர் ஊற்றினால் விதை ஓரத்துக்கு அடித்துப் போகும். ஆகவே தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிட வேண்டும். கண்ணாடியோ பாலித்தீன் தாளோ கொண்டு மூடி, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால் பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் முளைக்கும்.

பிரிட்டன், ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற உறைபனி விழும் நாடுகளில் கடைசி உறைபனிக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே வீட்டுக்குள் விதைக்கிறார்கள். முளைத்த நாற்று முதல் இரண்டு வாரம் வளர்வதாகவே தெரியாது. குண்டூசித் தலையளவு இரண்டு விதையிலைகள் தரையோடு ஒட்டிக்கொண்டு அப்படியே இருக்கும். அனுபவமில்லாதவர் பலர் இந்தக் கட்டத்தில் பொறுமையிழந்து உரம் கொடுத்தோ அதிகமாக நீர் விட்டோ நாற்றைக் கெடுத்துவிடுகிறார்கள். வேருக்குள் நடக்கும் வேலை முடிந்ததும் உண்மையான இலைகள் வரும். அதற்குப்பின் வளர்ச்சி வேகமெடுக்கும். மூடிய தட்டில் காற்றோட்டம் இல்லாவிட்டால் நாற்றழுகல் நோய் ஒரே இரவில் முழுத் தட்டையும் சாய்த்துவிடும். முளை கண்டதும் மூடியை விலக்குவதே அதற்கு மருந்து.

இரண்டு உண்மையான இலைகள் வந்ததும் ஒவ்வொரு நாற்றையும் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்குவது நல்லது. இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் நாற்று போயிற்று. வேர் தொட்டியை நிறைக்கும்போது வெளியே நடலாம். நடுவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் பகலில் வெளியே வைத்து, இரவில் உள்ளே எடுத்துக் காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்க வேண்டும்.

இடத் தேர்வில்தான் தோட்டக்காரரின் அறிவு வெளிப்படும். உயரமான செடி என்பதால் பாத்தியின் பின்வரிசையில் நடச் சொல்வது வழக்கமான அறிவுரை. சில்வெஸ்ட்ரிஸுக்கு அது பாதிதான் பொருந்தும். மாலையில் மனிதர்கள் உட்காரும் திண்ணை, படுக்கையறைச் சன்னல், வீட்டுக்குள் வரும் பாதை ஆகியவற்றின் அருகில் இல்லையென்றால் இதை வளர்த்துப் பயனில்லை. மூன்று நான்கு செடிகளைக் கூட்டமாக நடுவது ஒற்றைச் செடியைவிட நன்றாக இருக்கும். ஒன்றுக்கொன்று ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி இடைவெளி வேண்டும். அடியிலை அவ்வளவு அகலம் பரவும். பின்னணியில் கரும்பச்சை வேலியோ சுவரோ இருந்தால் அந்தி வெளிச்சத்தில் வெள்ளைப் பூக்கள் எடுப்பாகத் தெரியும். பலத்த காற்று வீசும் இடம் ஆகாது: பெரிய இலைகள் கிழிந்து தொங்கும், மணமும் நிற்காமல் அடித்துக்கொண்டு போகும். மூன்று பக்கம் அடைப்புள்ள சிறு முற்றத்தில் இரண்டே செடிகள் தரும் மணத்தைத் திறந்தவெளியில் பத்துச் செடிகளாலும் தர முடியாது.

குளிர் நாடுகளில் முழு வெயிலில் நடலாம். வெயில் கடுமையான இடங்களில் பிற்பகல் நிழல் விழும் இடமே ஏற்றது. நிழலில் இன்னொரு நன்மையும் உண்டு: பூக்கள் பகலிலும் துவளாமல் விரிந்திருக்கும். மேகமூட்டமான நாள்களிலும் அப்படியே. மண் ஆழமாகவும் வளமாகவும் இருக்க வேண்டும். நடும் குழியில் மக்கிய தொழுவுரத்தைத் தாராளமாகக் கலந்துவிட்டால் பின்னர் அதிகம் கொடுக்கத் தேவையில்லை. தழைச்சத்து மிகுந்தால் இலை யானைக்காதாகப் பெருத்துப் பூ தாமதமாகும். நீர் மட்டும் தவறக் கூடாது. இத்தனை பெரிய இலைப்பரப்பு உச்சிப்பொழுதில் சட்டென்று வாடிவிடும். மாலையில் தெளிந்துவிட்டால் கவலையில்லை, காலையிலும் வாடியிருந்தால் வேருக்கு ஈரம் எட்டவில்லை என்று பொருள். வேரடியில் மூடாக்கு இடுவது இதற்கு நல்ல காப்பு.

தண்டு தடிமனானது என்பதால் ஒதுக்கமான இடத்தில் முட்டுக் கொடுக்காமலே நிற்கும். மழையில் நனைந்த பூக்கொத்து கனத்து, காற்றும் சேர்ந்தால் சாய்ந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் செடி இரண்டடி இருக்கும்போதே கழி நட்டுத் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். நிமிர்ந்த தண்டை ஐந்தடியில் கட்டுவது அழகைக் கெடுக்கும்; அப்போது கட்டினால் கிளையும் ஒடியும். முதல் பூக்கொத்து ஓய்ந்ததும் அதைப் பக்கக் கிளைக்கு மேலே வெட்டிவிட்டால் கீழ்க்கணுக்களிலிருந்து புதுக் கிளைகள் வந்து இரண்டாம் முறை பூக்கும். பிரிட்டனின் பருவத்தில் ஜூலையில் தொடங்கி உறைபனி வரும்வரை பூ தொடரும்.

செடியைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். இலையிலும் தண்டிலும் உள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களிலிருந்து வரும் பிசின் அது. சிறு கொசுக்களும் அசுவினிகளும் அதில் ஒட்டிக்கொண்டு இறந்துகிடப்பதைக் காணலாம். இந்தத் தற்காப்பையும் மீறி அசுவினியும் வெள்ளை ஈயும் இளந்தண்டில் கூட்டமாக வருவதுண்டு. நீரைப் பீய்ச்சி அடித்தால் பெரும்பாலும் அடங்கும். நத்தையும் கூடில்லா நத்தையும் இளநாற்றை ஒரே இரவில் தின்றுவிடும். நட்ட முதல் இரண்டு வாரம் இருட்டியபின் விளக்கோடு போய்ப் பொறுக்கி எடுப்பதைவிட உறுதியான வழி இல்லை. அமெரிக்காவில் கொம்புப்புழுவைக் கையால் எடுத்துப் போடுகிறார்கள். முதுகில் அரிசிமணிகளாக வெள்ளைக் கூடுகள் ஒட்டிய புழு தென்பட்டால் அதை விட்டுவிட வேண்டும். அவை ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள், வெளிவரும் குளவிகள் அடுத்த புழுக்களைத் தேடிப் போகும்.

நோய்களில் இரண்டைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்று, நீலப்பூசணம் எனப்படும் அடிச்சாம்பல் நோய். இலையின் மேல் மஞ்சள் திட்டும் அடியில் நீலச் சாம்பல் பூச்சும் இதன் அறிகுறிகள். 1958-ல் இங்கிலாந்தில் தலைகாட்டிய இந்த நோய் அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் பரவிப் புகையிலைப் பயிருக்குப் பேரிழப்பை உண்டாக்கியது. பூத்தோட்டத்திலும் ஈரமான கோடையில் இது வரும். பாதித்த செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே சரி. உரக்குழியில் போடக் கூடாது.

மற்றொன்று தேமல் நோய். மனிதர் அறிந்த முதல் வைரஸ் இந்த நோயின் வழியாகத்தான் தெரியவந்தது. 1892-ல் ரஷ்யாவின் திமித்ரி இவனோவ்ஸ்கி, பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் தாண்டி இதன் நோய்ப்பொருள் போவதைக் கண்டார். 1898-ல் நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பெயெரிங்க் அது புதுவகை நோய்க்காரணி என்றார். 1935-ல் வெண்டல் ஸ்டான்லி அதைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். அதற்காக 1946-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தோட்டக்காரருக்கு இதில் தேவையான செய்தி, இந்த வைரஸ் தொடுதலாலேயே பரவும் என்பது. காய்ந்த புகையிலையில் அது பல ஆண்டு உயிர்ப்போடு இருக்கும். பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை ஆகியவற்றைத் தொட்ட கையோடு நாற்றைத் தொடக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நாற்றங்கால்களில் கையை ஆடை நீக்கிய பாலில் நனைத்துக்கொண்டு வேலை செய்வதுண்டு, பாலின் புரதம் வைரஸ் தொற்றுவதைத் தடுக்கிறது என்பதால். தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் இதே குடும்பம் என்பதால் அலங்காரப் புகையிலையைக் காய்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் நடாதிருப்பது இரண்டுக்கும் நல்லது.

செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு. நிகோட்டின் இலையில் உருவாவதில்லை. வேரில் உருவாகி நீரோடு மேலேறுகிறது. 1940-களில் ரே டாசன் புகையிலை வேரின் மேல் தக்காளியை ஒட்டுக் கட்டிப் பார்த்தார். தக்காளி இலையில் நிகோட்டின் சேர்ந்தது. தக்காளி வேரில் ஒட்டிய புகையிலைக் கிளையிலோ அது பெரிதும் சேரவில்லை. தோட்டத்தில் நிற்பது பூச்செடிதான் என்பதால் ஆபத்து குறைந்துவிடாது. ஆடு மாடும் நாயும் எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. குழந்தைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஈரமான இலையை நெடுநேரம் வெறுங்கையால் கையாண்டால் தோல் வழியாகவே நிகோட்டின் ஏறி, தலைசுற்றலும் குமட்டலும் வரும். புகையிலை வயல்களில் வேலை செய்பவர்கள் நன்கு அறிந்த நோய் இது. ஆகவே செடியை வெட்டும்போது கையுறை போடுவது நல்லது. வெட்டிய இலையைக் கொதிக்கவைத்துப் பூச்சிக்குத் தெளிக்கும் எண்ணம் வேண்டாம். புகையிலைக் கஷாயம் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்தாலும் அது மனிதருக்கும் தேனீக்கும் கொடிய நஞ்சு.

உறைபனி இல்லாத இடங்களில் சில்வெஸ்ட்ரிஸும் அலாட்டாவும் பல்லாண்டுச் செடிகளே. குளிர் நாடுகளில் மேல்தண்டு கருகினாலும், வேரடியைச் சருகால் தடிமனாக மூடிவைத்தால் மிதமான குளிர்காலத்தைத் தாண்டி வசந்தத்தில் வேரிலிருந்து தளிர்ப்பதுண்டு. அப்படித் தளிர்த்த செடி விதையில் வந்ததைவிட முன்னதாகப் பூக்கும். நீர் தேங்கும் மண்ணில் வேர் குளிரைவிட ஈரத்தால்தான் அழுகும்.

விதை எடுப்பதில் இரண்டு இனங்களும் வேறுபடுகின்றன. சில்வெஸ்ட்ரிஸ் தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும்; ஒற்றைச் செடி போதும். அலாட்டா தன் மகரந்தத்தை ஏற்காது. சூல்தண்டிலுள்ள ஒரு புரதம் தன்னுடைய மகரந்தத்தை அடையாளம் கண்டு அதன் வளர்ச்சியைத் தடுத்துவிடுகிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் கிளார்க்கின் குழு 1986-ல் இந்தச் செடியிலிருந்துதான் பிரித்தெடுத்தது. ஆகவே அலாட்டாவில் விதை வேண்டுமானால் தனித்தனி விதையிலிருந்து வந்த இரண்டு மூன்று செடிகளாவது பக்கத்தில் இருக்க வேண்டும். அருகில் குட்டைக் கலப்பின ரகங்கள் நின்றால் அவற்றின் மகரந்தமும் கலந்து, அடுத்த தலைமுறையில் மணம் குன்றும்.

காய்கள் பச்சை மாறிப் பழுப்பாகும்வரை செடியிலேயே விட வேண்டும். நுனி பிளக்கத் தொடங்கும் நாளில் கொத்தோடு வெட்டிக் காகிதப் பைக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டால் விதை தானாக உதிரும். ஒரு காயிலேயே நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கும் என்பதால் இரண்டு மூன்று காய்களுக்கு மேல் சேர்க்கத் தேவையில்லை. மீதியைப் பழுக்கும் முன்பே வெட்டிவிட்டால் தோட்டமெங்கும் நாற்று முளைப்பது கட்டுக்குள் இருக்கும். சருகை ஊதி நீக்கி, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, இனத்தின் பெயரும் ஆண்டும் எழுதிய காகித உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வைத்தால் விதை பல ஆண்டுகள் முளைப்புத்திறன் குறையாமல் இருக்கும்.